தறிவீட்டில் சாய்ந்த கார்

காரைத் தூக்கும் ஜாக்கியைக் கண்டு நான் பயந்ததில்லை. அதை விற்பவனைக் கண்டுதான் பயப்படுகிறேன். காரணம் எளிது. பதினோரு வருஷம் அருப்புக்கோட்டையில் அதை விற்றவன் நான்.

நான் வேலை பார்த்த மோட்டார் உதிரிபாகக் கடை இன்று வேறு கைகளுக்குப் போய்விட்டது. அங்கே இப்போது இருக்கும் இளைஞர்கள் ஜாக்கியின் படத்தைச் செல்பேசியில் அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறார். பெட்டி பார்சலில் போய்விடுகிறது. அவர்களில் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "வீட்டுலயே காருக்கு வேல பாக்குறவுகளுக்கு எந்த டிராலி ஜாக்கி நல்லது சார்?" ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். நான் பெயர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கடையில் சேர்ந்தேன். சேரும்போது எனக்குத் தெரிந்த தொழில் பேச்சு ஒன்றுதான். பள்ளியில் சொற்போர், ஊரில் வாசகசாலைக் கூட்டம், பங்குனித் திருவிழாவில் பட்டிமன்றம். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தை வெல்ல வைப்பேன். அதில் எனக்கிருந்த கர்வத்தை இன்று குறைத்துச் சொன்னால் அது பொய்யாகும். ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்ட கடை முதலாளி, "இந்த வாய் எங் கடையில இருந்தா, ஆணி வாங்க வந்தவன் இஞ்சினு வாங்கிட்டுப் போவான்" என்று சொல்லி வேலை கொடுத்தார். போல்ட்டுகளின் அளவுகளையும் எண்ணெய்களின் வகைகளையும் ஆறு மாதத்தில் படித்துக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கடைக்குப் பின்னால் பழுது பார்க்கும் கொட்டகை இருந்தது. அதன் பொறுப்பாளர் செல்லையா. ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊருக்கு அவர் 'அவில்தார்'. எவர் சொன்னதையும் முதல் தடவை காதில் வாங்காதவர். "புது ஜாக்கிண்ணே" என்று கம்பெனிக்காரர் பெட்டியைத் திறந்தால், "புதுசுன்னா இன்னும் கெடலன்னுதான அர்த்தம்? கெடட்டும், பாப்போம்" என்பார்.

ஒரு டிராலி ஜாக்கியை அவர் ஏற்றுக்கொள்ளும் முறையை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். முதலில் அதைத் தரையில் உருட்டி நான்கு சக்கரங்களும் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று பார்ப்பார். ஜாக்கியின் இரும்புக் கழுத்து மேலெழும்போது நேராக எழுவதில்லை, வளைந்து எழுகிறது. அதற்கேற்ப ஜாக்கியே காருக்கடியில் சிறிது நகர வேண்டும். நகர முடியாவிட்டால் தலையிலுள்ள கிண்ணம் காரின் இரும்பைவிட்டு வழுக்கும். ஆகவே, தூக்கும்போது காரின் சக்கரங்களுக்குத்தான் கட்டை. ஜாக்கியின் சக்கரங்களுக்கு ஒருபோதும் கட்டை கூடாது. அடுத்து, கழுத்தை முழுதும் இறக்கி, அந்த உயரம் டயரில் காற்றுக் குறைந்த காருக்கடியிலும் நுழையுமா என்று சாணளந்து பார்ப்பார். எழுதியிருக்கும் டன் கணக்கில் பாதியைத்தான் நம்புவார். ஒரு முனையை மட்டும் தூக்குவதானாலும், ஒரு டன்னுக்குச் சற்றே கூடிய அம்பாசிடருக்கு இரண்டு டன் ஜாக்கிக்குக் குறைந்து கொடுக்க மாட்டார்.

கடைசியாகத் தீப்பெட்டி. காரைத் தூக்கி, தொங்கும் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு காலித் தீப்பெட்டியை நிறுத்தி வைப்பார். சக்கரம் அதை லேசாகத் தொடும் உயரத்தில் ஜாக்கியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது பெட்டி நசுங்கியிருந்தால் கழுத்தை உயர்த்தி வைத்திருக்கும் எண்ணெய் உள்ளே கசிகிறது என்று பொருள்; அந்த ஜாக்கி கம்பெனிக்கே திரும்பிப் போகும். தீப்பெட்டியில் தேறிய ஜாக்கியையும் அவர் நம்பியதில்லை. தூக்குவது ஜாக்கியின் வேலை, தாங்குவது ஸ்டாண்டின் வேலை. இரும்பு ஸ்டாண்டில் காரை உட்கார வைக்காமல் தலையை உள்ளே நீட்டியவனை அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்ததை நானே கண்டேன்.

இவற்றோடு அவர் வைத்திருந்த விதி ஒன்று உண்டு. வீட்டில் வைத்து வேலை பார்க்க டிராலி ஜாக்கி வாங்குகிறவர் யாராயிருந்தாலும், அவர் வீட்டுக்குப் போய்த் தரையைப் பார்த்த பிறகே ஜாக்கி கடையைவிட்டு வெளியேறும். எங்கள் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பது, மழையில் களியாவது. மேலே என்ன பூசியிருந்தாலும் அடியில் இருப்பது அதுதான். இந்த விதி எனக்கு அநாவசியமாகப் பட்டது. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டால் போதாதா?

தறிக்கார இராமலிங்கம் கடைக்கு வந்த அன்று அவில்தார் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். இராமலிங்கத்தின் குடும்பம் வீட்டுக்குள் கன்னடமும் வெளியே தமிழும் பேசும் நெசவுக் குடும்பம். கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு உயர்ந்து, அந்த ஆண்டுதான் பழைய அம்பாசிடர் ஒன்று வாங்கியிருந்தார்கள்.

"வொர்க்ஷாப்புல விட்டா நல்ல சாமானக் கழட்டிட்டுப் பழசப் போட்டுருவாக தம்பி. ஒங்க கொட்டகையவும் சேத்துத்தான் சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. கிரீஸ் வைக்கிறது, பிரேக்கு பாக்குறது எல்லாம் எங் கண்ணு முன்னால எங்க வீட்டுலயே நடக்கணும்" என்றார்.

"தரை எப்படி?" என்று கேட்டேன்.

"சிமெண்டுத் தளம். போன வருசம் போட்டது. மொகம் பாத்துத் தல சீவலாம்."

பதினைந்து நிமிடம் பேசினேன். ஜாக்கியின் சிறப்புகளை நான் அடுக்கிய அடுக்கில் கடைக்கு வந்திருந்த வேறு இருவரும் நின்று கேட்டார்கள். ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டுகளும் அன்று மாலையே இராமலிங்கத்தின் வீட்டுக்குப் போய்விட்டன.

லாரிக்கு அடியிலிருந்து வந்த அவில்தார் கேட்டார்: "தரை பாத்தியா?"

"சிமெண்டுத் தளம்" என்றேன்.

அவர் கேட்டது பார்த்தாயா என்று; நான் சொன்னது தளம் எது என்று. மேடையில் இப்படித் தப்பினால் கைதட்டல் கிடைக்கும். அவர் கை கழுவப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, அவில்தார் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்த நேரத்தில், செய்தி வந்தது. இராமலிங்கத்தின் வீட்டில் கார் ஜாக்கியிலிருந்து விழுந்துவிட்டது. அவருடைய தம்பி சென்னப்பனின் கணுக்கால் நொறுங்கிவிட்டது. ஜாக்கி விற்ற கடை பதில் சொல்ல வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். "நீ போ. பேசித் தீத்துட்டு வா" என்றார் முதலாளி.

போனேன். நடந்ததை அவர்கள் சொன்னபடி சொல்கிறேன். காரின் டிரைவர் திருமேனி, திருச்சுழிக்காரர், நாற்பது வயது, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். முன்பக்கத்துக்குக் கிரீஸ் வைக்க வேண்டுமென்று பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்னால் ஜாக்கியை வைத்துத் தூக்கினார். கார் ஏறியதும், பக்கத்தில் நின்ற சென்னப்பன் ஸ்டாண்டைக் காலால் உள்ளே தள்ளினார். அந்த நொடியில் கார் சாய்ந்து இறங்கியது. அப்போது ஜாக்கியின் கைப்பிடி திருமேனியின் கையில் இருந்தது. கைப்பிடியை இடப்பக்கம் திருகினால் எண்ணெய் திரும்பி ஜாக்கி இறங்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்றும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெட்ரோல் டாங்கியில் குச்சி விட்டுத் தினமும் அளந்து பார்ப்பவர் சென்னப்பன். விபத்துக்கு மூன்று நாள் முன்பு குச்சியில் அரை விரல் குறைந்ததென்று, திருடினாயா என்று திருமேனியைத் தெருவில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

கார்க் கொட்டகையைப் பார்த்தேன். தளம் பல இடங்களில் உடைந்திருந்தது. காலை விடுவிக்கக் கடப்பாரையும் உத்தரக்கட்டையும் கொடுத்துக் காரை நெம்பியிருந்தார்கள். ஜாக்கியை அவர்களே வெளியே இழுத்து, இறக்கி, சுவரோரம் வைத்திருந்தார்கள். நான் அதைக் கல் பாவிய தெருவாசலுக்கு உருட்டி வந்து, அதே காரையும் அங்கே தள்ளி வரச் செய்து தூக்கி, தீப்பெட்டியை நிறுத்தினேன். அரை மணி நேரம் தெருவே பார்த்திருக்க, தீப்பெட்டி அப்படியே நின்றது.

பிறகு பேசினேன். சொற்கள் இன்னும் நினைவிருக்கின்றன. "விழுந்ததற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: கருவி, தரை, மனிதன். கருவியில் குறையில்லை, உங்கள் கண்ணாலேயே கண்டீர்கள். தரையில் குறையில்லை, இத்தனை மாதமாக இதே காரைத் தாங்கிய தரை, முன்பு இரண்டு முறை இதே ஜாக்கியைத் தாங்கிய தரை. இன்று அது உடைந்து கிடக்கிறதே என்பீர்கள். கார் விழுந்ததால் தரை உடைந்தது. கடப்பாரை போட்டதால் தரை உடைந்தது. இரண்டும் விலகிவிட்டன. எஞ்சியவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை."

திருமேனி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "நான் திருகல தம்பி. தரை உள்வாங்குச்சு" என்றார்.

"எது முதலில்? விழுந்ததா, உள்வாங்கியதா? இரண்டும் ஒரே நொடியில் என்றால், எது முதல் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

கார்ச் சாவியை இராமலிங்கம் அப்போதே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம், போய்த் தொலையட்டும் என்றார் இன்னொருவர். நான் கடைக்குத் திரும்பினேன். முதலாளி எனக்கு ரோஸ் மில்க் வரவழைத்தார். அந்த வாரத்துக்குள் ஊரில் கார் வைத்திருந்த அத்தனை பேருக்கும் செய்தி எட்டிவிட்டது. கார் முதலாளியின் தம்பி காலிலேயே காரை இறக்கியவனிடம் யார் சாவி கொடுப்பார்கள்?

ஐந்தாம் நாள் அவில்தார் மதுரையிலிருந்து வந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார், பாராட்டவில்லை. "வண்டிய எடு" என்றார். சைக்கிளில் அவரைப் பின்னால் வைத்து மிதித்தேன்.

இராமலிங்கத்தின் வீட்டில் அவர் ஆண்கள் எவரிடமும் பேசவில்லை. முற்றத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த இராமலிங்கத்தின் மனைவி லட்சுமியம்மாளிடம் போனார்.

"கார் விழுந்ததும் மொதல்ல ஓடியாந்தது யாரும்மா?"

"நாந்தேன். சென்னப்பன் அலறுன அலறல்ல ராட்டைய அப்படியே போட்டுட்டு ஓடுனேன்."

"ஜாக்கி எப்படிக் கெடந்துச்சு? தல ஒசக்க இருந்துச்சா, எறங்கிக் கெடந்துச்சா?"

"ஒசக்கதான். கோழி கழுத்த நீட்டுன மாதிரி நின்னுச்சு. எஞ் சேல அதுல மாட்டித்தான கிழிஞ்சது. இந்தா பாருங்க." முந்தானையில் ஒரு சாண் கிழிசலைத் தைத்திருந்தது தெரிந்தது.

அவில்தார் என் பக்கம் திரும்பினார். "பேச்சாளரே, கைப்பிடியத் திருகியிருந்தா கார் எறங்கையில ஜாக்கியோட தலையும் சேந்துல்ல எறங்கியிருக்கும்? தல நிமிந்து நிக்கிதுன்னா என்ன அர்த்தம்?"

திருகவில்லை என்று அர்த்தம். கார் கிண்ணத்திலிருந்து வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். இதை அறிய ஒரே ஒரு கேள்வி போதும். நான் அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தும் அதைக் கேட்கவில்லை; பெண்கள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

கொட்டகைக்குள் போய் அவில்தார் சுத்தியலின் பின்புறத்தால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக் என்று கேட்டது, ஜாக்கி நின்ற உடைசலை ஒட்டி ஓரிடத்தில் பொத் என்றது. வாசற்படியில் நின்ற லட்சுமியம்மாள் அவர் கேட்காமலே சொன்னார்:

"அது இவுக தறி கெடந்த எடம். இந்த அறையில நாலு தறி இருந்துச்சு. நாலு குழி."

குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பார். அது தொடையளவு ஆழம். கைத்தறிகளை அகற்றியபின் அந்தக் குழிகளை மூடி, மேலே சிமெண்டு பூசி, அறையைக் கார்க் கொட்டகையாக்கியிருக்கிறார்கள். இதை இராமலிங்கம் என்னிடம் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை.

"மூடுனப்ப திமிசு போட்டு இடிச்சாகளாம்மா?" என்று கேட்டார் அவில்தார்.

"ஐயையோ. தறிக்குழிய மிதிக்கவோ இடிக்கவோ மாட்டாக எங்க வீட்டுல. சோறு போட்ட குழி. கூடையில மண்ண அள்ளி மெதுவாப் போட்டு, கும்புட்டு, அப்படியே விட்டுட்டாக. கொத்தனார் திமிசுக் கட்டையத் தூக்கிட்டு வந்தாரு. இவுகதேன் திருப்பி அனுப்பிட்டாக."

வழக்கமாகக் காரை முன்புறமாக உள்ளே விடுவார்கள்; அப்போது ஜாக்கி நிற்கும் இடம் கெட்டித் தரை. விபத்து நடந்த அன்று பின்புறமாக விட்டிருந்தார்கள். காரின் முன்பக்கப் பாரம் முழுதும் ஜாக்கியின் சின்ன இரும்புச் சக்கரங்கள் வழியே விரல் கனமுள்ள பூச்சின்மேல் இறங்கியிருக்கிறது. ஒரு சக்கரம் உள்ளே போக, ஜாக்கி சாய்ந்தது. ஜாக்கி சாய, கார் வழுக்கியது.

"நீங்களே இராமலிங்கத்துக்கிட்டச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

"நான் ஏன் சொல்லணும்? முடிச்சுப் போட்டவன் அவுக்கட்டும்."

தறிக்கூடத்திலிருந்து வந்த இராமலிங்கத்திடம் சொன்னேன். அழகாகவே சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அன்னைக்குத் தரையில கொறையில்லைன்னு பேசுனீக, கேட்டேன். இன்னைக்குத் தரதான் கொறைன்னு பேசுறீக, அதுவும் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு வேற யாரும் கூட்டியாந்தா என்ன பேசுவீக தம்பி?"

கொட்டகை மூலையில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து வந்து, பொத் என்று கேட்ட இடத்தில் பூச்சை உடைத்தேன். பிறகு கடப்பாரையைச் செங்குத்தாக நிறுத்திக் கையை விட்டேன். அது தன் பாரத்தாலேயே இறங்கியது. முழங்கால் ஆழம் போய் நின்றது. உடைந்த பூச்சின் அடியில் பொலபொலவென்று சாம்பலும் மண்ணும் சிக்குநூலும் தெரிந்தன.

இராமலிங்கம் குனிந்து சிக்குநூலை எடுத்து விரலில் சுற்றினார். பிறகு, "அவனக் கூட்டியாங்க" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் திருச்சுழிக்குப் போய் விசாரித்து, ஊருக்கு வெளியே ஒரு சீமைக்கருவேலங்காட்டில் திருமேனியைக் கண்டேன். கரிமூட்டத்துக்கு விறகு வெட்டிக்கொண்டிருந்தார். கை முழுதும் முள் கீறல். நான் பேச ஆரம்பிப்பதற்குள், "இன்னும் என்ன தம்பி பாக்கி?" என்றார்.

குழியைப் பற்றிச் சொன்னேன். சேலைக் கிழிசலைப் பற்றிச் சொன்னேன். தரையைப் பார்க்காமல் விற்றவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அரிவாளைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு அவர் சொன்னார்:

"நீங்க பேசுனத மறுக்க எனக்கு வாயில்ல. அது கெடக்கட்டும். வீட்டுக்கு வந்து படுத்தா, ஒங்க பேச்சே காதுல ஓடுது. ரெண்டு நா கழிச்சு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கோவத்துல நாந்தேன் திருகிட்டனோ, திருகிட்டு மறந்துட்டனோன்னு. எம் பொண்டாட்டிக்கிட்டயே கேட்டேன், நான் அப்படிப்பட்ட ஆளாடின்னு."

பதில் சொல்ல முயன்றேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வாரேன். சோறு வேணும்ல. ஆனா நீங்க அன்னைக்கு யாரு யாரு முன்னால பேசுனீகளோ, அவுக அம்புட்டுப் பேரும் அங்க நிக்கணும். நீங்க பேச வேண்டாம். கிரீஸு மட்டும் வைங்க. அன்னைக்கு வைக்காம விட்டது அப்படியேதான இருக்கு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, இராமலிங்கத்தின் வீட்டுத் தெருவாசலில், கல் பாவிய தரையில் கார் நின்றது. சென்னப்பனைக் காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தெருக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவில்தார் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்.

திருமேனி கல்லைக் காலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஜாக்கியை உருட்டிக் கொண்டுபோய்க் கிண்ணத்தை நடு இரும்பில் பொருத்தினார். கைப்பிடியை அழுத்தினார், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நின்று, ஜாக்கி நகர்கிறதா என்று குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, காரை அவற்றின்மேல் மெதுவாக இறக்கினார். தோளைக் கொடுத்துக் காரை ஆட்டினார். அது அசையவில்லை. கிரீஸ் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்து, காருக்கு அடியில் நகர்ந்தேன். ஸ்டாண்டுகளை நானே பார்த்திருந்தேன். அவை உறுதியானவை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நெஞ்சுக்கு ஒரு முழம் மேலே அத்தனை இரும்பும், கண்ணுக்கு நேரே திருமேனியின் இரண்டு பாதங்களும் இருந்தன. இத்தனை நாளும் அந்த மனிதர் பட்டதை யோசித்தேன். அவருடைய இடத்தில் நானிருந்தால் என்ன செய்வேன் என்றும் யோசித்தேன். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

பாதங்கள் நகர்ந்தன. ஜாக்கியிடம் போய் நின்றன. இரும்பு உரசும் சத்தம் கேட்டது. கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தவர், குந்தி உட்கார்ந்து, அதைக் காருக்கு அடியில் நீட்டினார். கிரீஸ் துப்பாக்கியை மார்பில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் அதை வாங்கினேன். பிறகு அவர் எழுந்து, பத்தடி தள்ளிப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டீகளா?" என்று கேட்டார். "கைப்பிடி இப்ப யாரு கையில இருக்கு?"

தெருவில் எங்கோ விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.

காருக்கு அடியிலிருந்து நான்தான் சொன்னேன்: "எங் கையில."